நான்கு முறை செத்த நூற்றுப்பதினேழு

தாவீதுக்கு ஒரு பெருமை இருந்தது. அதைக் கேட்காமல் அவரோடு யாரும் ஒரு டீ குடித்துவிட முடியாது. நெம்மேலி தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், கடலுக்கும் காலனிக்கும் நடுவே நிற்கிற சவுக்குத் தோப்புக்கு அவர்தான் காவலர். சுனாமிக்குப் பிறகு வனத்துறை நட்ட ஆயிரத்து நூற்று நாற்பது மரம். நட்ட நாளிலிருந்து ஒரு மரம்கூடச் சாகவில்லை என்பதுதான் அந்தப் பெருமை.

"எண்ணிப் பாத்துக்கோ அண்ணாத்த. ஒண்ணு கொறஞ்சிதுன்னா என் காதை அறுத்துக்கோ" என்பார்.

வேலையற்ற சிலர் எண்ணியும் பார்த்திருக்கிறார்கள். சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மரத்திலும் வெள்ளை பெயிண்டில் நம்பர் இருக்கும். வனவர் கிருபாகரன் வருஷா வருஷம் வந்து, முதல் வரிசையை மட்டும் நடந்து பார்த்துவிட்டு, பதிவேட்டில் 'நூற்றுக்கு நூறு' என்று எழுதிக்கொண்டு போவார். அந்தப் பக்கத்தை ஆபீஸ் கூட்டத்தில் படித்துக் காட்டி அவரும் நல்ல பேர் வாங்கியிருந்தார்.

விஷயம் என்னவென்றால், மரங்கள் சாகத்தான் செய்தன. தாவீது அதை ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஒரு மரம் காய்ந்தால் தரையோடு தரையாக வெட்டுவார். அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க யாருக்கு நேரம் இருக்கிறது? அது மண்ணுக்குள் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதே குழியில், கட்டையை ஒட்டியே கடப்பாரையால் ஓங்கி ஒரு குத்து குத்துவார். நர்சரியில் கெஞ்சி வாங்கிவந்த கன்று ஒன்றைச் சொருகுவார். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அதில் பழைய நம்பரையே எழுதிவிடுவார். காலையில் செத்த மரம் சாயங்காலம் உயிரோடு இருக்கும். இதில் திருட்டு எண்ணம் எதுவும் கிடையாது. வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தால் அவருக்கு முன்பல் விழுந்த மாதிரி இருக்கும்.

நாற்பதடி மரங்களுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் நின்ற 117-ஐ ஒருமுறை கிருபாகரன் பார்த்துவிட்டார்.

"என்னய்யா இது, மத்ததெல்லாம் வானத்தைத் தொடுது, இது மட்டும் இப்படி நிக்குது?"

"அது கொஞ்சம் சோம்பேறி மரம் சார். சாப்பாடு ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது."

கிருபாகரன் வானத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், நூற்றுக்கு நூறு என்று எழுதினார்.

தாவீதின் மனைவி செங்கம்மாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிறவள். வாய் அவளுக்குக் கொஞ்சம் நீளம். "ஆண்டவரே ஒரு தபாதான் உயிர்த்தெழுந்தாரு. உன் நூத்திப்பதினேழு நாலு தபா எழுந்துகீது. பாஸ்டராண்ட சொல்லு, ஈஸ்டருக்குப் பிரசங்கம் பண்ணுவாரு" என்பாள். தாவீது அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்வார்.

போன வருஷம் சித்திரை கழிந்ததும் சிக்கல் வந்தது. ஒன்று இரண்டு காய்ந்தால் சமாளிக்கலாம். அடுத்தடுத்து நின்ற ஏழு பெரிய மரங்கள் ஒரே மாதத்தில் மஞ்சளாகின. தண்ணீர் ஊற்றினார், சாணம் போட்டார், ஜெபம்கூடப் பண்ணினார். மஞ்சள் இறங்கவில்லை. ஏழும் ஒன்றாகச் சாகிறதென்றால் யாரோ விஷம் வைக்கிறான் என்று முடிவு கட்டினார். யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை.

தோப்புக்குப் பின்னால் மாடி வீடு கட்டியிருந்த சம்பத் அணு ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துக்காரர். வந்த புதிதில் டீக்கடையில், "இந்த மரமெல்லாம் இல்லேன்னா மாடியிலேர்ந்து கடல் தெரியும்" என்று பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்திருந்தார். அது போதாதா? போதாததற்கு, தினமும் காலையில் தோப்புக்குள் நடக்கும்போது கையில் ஒரு பாட்டில், உள்ளே பச்சையாக ஏதோ. தாவீது மூன்று நாள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தார். நாலாம் நாள் டீக்கடை வாசலில், பத்துப் பேர் பார்க்க, பாட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல இன்னா சார் கீது?"

"பாகற்காய் ஜூஸ். எனக்குச் சுகர்."

"வேருல ஊத்துற ஆசிட்டு இல்லியே?"

சம்பத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "வேணும்னா நீங்களே குடிச்சுப் பாருங்களேன்."

தாவீது குடித்தார். ஒரே மடக்கு. கண் பிதுங்கியது, காது அடைத்தது. "சந்தேகமே இல்ல, ஆசிட்டுதான்" என்று பத்துப் பேருக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டு, நேராக வீட்டுக்குப் போய், வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு பாயில் படுத்துவிட்டார். மதியம்வரை சாவு வருமென்று காத்திருந்தார். பசிதான் வந்தது.

சம்பத் சும்மா விடுகிற ஆளா? முப்பத்துநாலு வருஷம் அரசாங்கத்தில் மனு எழுதிப் பழகிய கை. 'என்மீது சுமத்தப்பட்ட பழி குறித்து' என்று தொடங்கி, ஏழு இணைப்புகளோடு வனத்துறைக்கு ஒரு கடிதம் அனுப்பினார். மரம் எதனால் சாகிறது என்று ஆள் வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னார். அப்படித்தான் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து அனு வந்தாள். முப்பது வயதிருக்கும். தலையில் தொப்பி, கையில் ஒரு சின்ன மண்வெட்டி. கூடவே கிருபாகரன், கக்கத்தில் பதிவேடு.

அனு ஒரு மஞ்சள் மரத்தின் அடியில் மண்ணைப் பறித்தாள். வேர் வெளியே வந்தது. விரலால் அழுத்தினாள், நனைந்த பஞ்சாகப் பிய்ந்தது. மரத்தின் அடியைச் சுற்றி வந்தவள், வார்னிஷ் அடித்தது போலப் பளபளவென்று அரக்கு நிறத்தில் தட்டையாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு காளானைக் காட்டினாள்.

"இதை முன்னாடி பார்த்திருக்கீங்களாண்ணா?"

தாவீது பார்க்காமலா? அழகாக இருக்கிறதே என்று வருஷத்துக்கு ரெண்டு பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோவார். செங்கம்மாள் அதன்மேல்தான் கொசுவத்தி கொளுத்தி வைப்பாள். "எங்கியோ பாத்தா மாதிரி கீது மேடம்" என்றார்.

"இது வேர்ல வர்ற பூஞ்சை. இந்தக் காளான் வெளிய தெரியறதுக்குள்ள உள்ளே வேலை முடிஞ்சிருக்கும். மண்ணுக்குள்ள ஒரு மரத்து வேர் அடுத்த மரத்து வேரைத் தொட்டுக்கிட்டு இருக்குமில்ல, அந்த வழியாவே ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குப் போயிடும். செத்த மரத்தோட அடிக்கட்டையை அப்படியே விட்டா, வருஷக்கணக்கா அதைத் தின்னுக்கிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதே குழியில புதுக் கன்னு வெச்சோம்னா, அதுக்கு விருந்து வெச்ச மாதிரி."

தாவீதின் பார்வை 117 நின்ற பக்கம் போனது.

"இதுக்கு முன்னாடி எந்தெந்த மரம் செத்துச்சு? அதைத் தெரிஞ்சாத்தான் நோய் எதுவரைக்கும் போயிருக்குன்னு எல்லை போட முடியும்" என்றாள் அனு.

கிருபாகரன் பதிவேட்டை விரித்தார். "நூத்துக்கு நூறு மேடம். ஒண்ணுகூடச் சாகல."

"அப்ப இந்த வருஷம்தான் தொடங்கியிருக்கு. நல்லவேளை." அனு அந்த ஏழு மரங்களோடு சுற்றிலும் ரெண்டு வரிசை மரங்களையும் உள்ளே சேர்த்து மண்ணில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டாள். "நாளைக்குக் காலையில ஜேசிபி வரும். கோட்டுமேலயே மூணடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்துடலாம், வேரும் வேரும் தொடாது. உள்ளே இருக்கிறதை வெட்டி, கட்டையெல்லாம் தோண்டி எரிச்சுடலாம். ஆனா ஒண்ணு, கோட்டுக்கு அந்தப் பக்கம் நோய் இருந்துச்சுன்னா பள்ளம் தோண்டியும் பிரயோஜனம் இல்லை. அஞ்சாறு வருஷத்துல தோப்பே போயிடும்."

தாவீது கோட்டைப் பார்த்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் புதைத்து மறைத்தவை ஐம்பத்து நாலு. அவருக்குத் தெரியும், அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"இன்னாய்யா, எறங்கலியா?" என்றாள் செங்கம்மாள்.

"மேடம் போட்ட கோடு தப்பா கீதுமே."

"சொல்ல வேண்டியதுதான."

"சொன்னா வேலை பூடும். அதுகூடப் போவட்டும். பேரு பூடுமே."

"இன்னா பேரு? ஊருல உன்னை நூத்துக்குநூறுன்னு கூப்டுறானுங்களே, அதுவா? அது கிண்டல்யா."

அது கிண்டல் என்பது தாவீதுக்கு அன்றுவரை தெரியாது.

"தோப்பு பூட்டா கடல்காத்து நேரா நம்ம நாப்பது வூட்டு மேலதான் வந்து வுழும். கூரை பறக்கசொல்லோ உன் பேரை எடுத்து மேல போத்திக்கினு படுப்பியா நீ?" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

காலையில் ஜேசிபி வந்தது. அனு கோட்டைக் காட்டினாள். வண்டி நகர்வதற்குள் தாவீது அதன் முன்னால் போய் நின்றுகொண்டார். டிரைவரைக் கைகாட்டி அழைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி நடந்தார். மூன்று வரிசை தள்ளி, இடுப்பளவு நின்ற 117-இன் முன்னால் நின்று, "இங்க ஒரு குத்து குத்துப்பா" என்றார்.

ஜேசிபியின் வாளி மண்ணோடு மேலே வந்தது. அடியில் கறுத்துப்போன ஒரு பெரிய அடிக்கட்டை. அதை ஒட்டி, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, மூன்று சின்ன வேர்க்கொத்துகள், மூன்றும் உளுத்தவை. எல்லாவற்றுக்கும் மேலே நாலாவது கன்று, பச்சையாக, நடந்தது ஒன்றும் தெரியாமல்.

அனு குனிந்து எண்ணினாள். நிமிர்ந்து தாவீதைப் பார்த்தாள். கிருபாகரன் பதிவேட்டை மூடிக்கொண்டார்.

"இது மாதிரி எத்தனைண்ணா?"

தாவீது சொல்ல ஆரம்பித்தார். எழுதி வைத்ததில்லை, ஆனால் ஒன்றையும் மறக்கவில்லை. 117 முதலில் போனது மகள் ஜெனிட்டா பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வாரம். 118-ம் 131-ம் வர்தா புயலுக்கு முந்தின மாதம். 204 செங்கம்மாளுக்குச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் பித்தப்பைக் கல் எடுத்தபோது. ஊரடங்கில் ஒன்பது. அனு ஒவ்வொன்றையும் படத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள்.

"நூத்தி நாப்பத்திரெண்டு எங்க மாமியார் செத்த அன்னிக்குத்தான் மேடம் செத்துது. அன்னிக்கு நான் அழுத அழுகை ஊருக்கே தெரியும். மரத்துக்குன்னு எப்டி வெளிய சொல்றது?"

வேலைக்குப் போகிற வழியில் வேடிக்கை பார்க்க நின்றிருந்த செங்கம்மாள், "இன்னா சொன்ன?" என்றாள். பதினோரு வருஷமாக அந்த அழுகையைச் சொல்லித்தான் அவள் புருஷனை அக்கம்பக்கத்தில் மெச்சிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் ஒரு வாரம் வீட்டில் குழம்பு இல்லை.

மொத்தம் அறுபத்தொரு புள்ளி. அனு பழைய கோட்டைக் காலால் அழித்துவிட்டு, வெகுதூரம் தள்ளிப் புதுக்கோடு போட்டாள். அந்தக் கோட்டுக்குள் பச்சைப் பசேலென்று எண்பத்தாறு மரங்கள் மாட்டிக்கொண்டன. "இதுங்களும் போகணும்ணா. வேர்ல ஏறியிருக்கும். விட்டா பள்ளத்தைத் தாண்டிடும்." எண்பத்தாறுக்கும் சிவப்புக் குறி போட்டது தாவீதின் கைதான். ஒவ்வொன்றாகக் குறி போட்டுக்கொண்டே வாய்விட்டு அழுதார். இந்த முறை யாருக்காக என்று செங்கம்மாள் கேட்கவில்லை.

போவதற்கு முன் அனு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எவ்வளவு தோண்டினாலும் வேர்த்துண்டு உள்ளே கிடக்கும். மூணு வருஷத்துக்கு இந்த இடத்துல சவுக்கு வெக்கவே கூடாது. வெச்சா அந்தக் கன்னு செத்து, நோய்க்குத் திரும்பத் தீனி கிடைச்சிடும்."

அவள் அறிக்கை எழுதி அனுப்பினாள். அது ஏதோ ஒரு மேஜையில் போய்ப் படுத்துக்கொண்டது. ஊருக்கு எதுவும் தெரியாது. ஊர் கண்டதெல்லாம், காவலர் தாவீது முன்னால் நின்று பச்சை மரத்தை வெட்டவைத்ததும், சம்பத் வீட்டு மாடியிலிருந்து கடல் தெரிவதும்தான். டீக்கடையில் ரெண்டையும் சேர்த்துப் பார்க்க அரைமணி நேரம் ஆகவில்லை. "ஆசிட்டுன்னு கத்துனப்பவே நெனச்சேன் மச்சான். பேரத்தை ஏத்தத்தான் கத்திகீறான்" என்றார் ஒருவர். சம்பத்துக்கோ கடல் தெரிந்த முதல் வாரமே மணல் வந்து மின்விசிறிக்குள் புகுந்தது, ஏசி துருப்பிடித்தது. அந்த மனுஷர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

கார்த்திகையில் புயல் வந்தது. தோப்பில் ஒரு கிளைகூட முறியவில்லை. ஆனால் கிருபாகரனுக்கு அது தேவன் அனுப்பிய புயல். பதிவேட்டோடு ஓடிவந்தார்.

"அத்தனையும் புயல்ல விழுந்துச்சுன்னு எழுதிடுவோம்யா. உனக்கும் கேடில்லை, எனக்கும் கேடில்லை. போடு கையெழுத்து."

தாவீது போட்டார். சந்தோஷமாகவே போட்டார் என்று சொல்ல வேண்டும். புயலில் மரம் விழுந்தால் காவலருக்கு அவமானம் இல்லை.

அந்தக் கையெழுத்து ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தது, ரெண்டு பஸ்ஸில். மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனி ஒன்று, சுற்றுச்சூழல் தினத்துக்கு மரம் நட இடம் கேட்டிருந்தது. புயலில் விழுந்த இடம் என்று காகிதத்தில் இருந்ததால், ஆபீஸ் அந்த இடத்தையே கொடுத்துவிட்டது. எண்பது பேர், பச்சை டீ-ஷர்ட், பேனர், ஸ்பீக்கர், இருநூறு சவுக்குக் கன்றுகள். வேடிக்கை பார்க்கக் காலனி முழுக்க வந்துவிட்டது. சம்பத்தும் வந்தார், மரம் வந்தால் மணல் நிற்குமே என்று.

தாவீது கிருபாகரனைத் தனியாக இழுத்தார். "சார், இங்க நடக்கூடாது. மேடம் சொன்னாங்களே."

"இன்னைக்கு ஒரு நாள் நட்டுட்டுப் போகட்டும்யா. அப்புறம் பார்த்துக்கலாம்."

அப்புறம் என்றால் எப்போது என்று தாவீதுக்குத் தெரியும். அடிக்கட்டையைத் தோண்டாமல் விட்டபோதெல்லாம் அவரும் அதையேதான் சொல்லிக்கொண்டார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தொள்ளாயிரத்துச் சொச்சம் மரம் நின்றது. பள்ளத்தில் விழுகிற மணலை வாரா வாரம் வாரிக் கொட்டி அவர் காப்பாற்றி வைத்திருந்தார். இருநூறு கன்றையும் இங்கே வைத்தால் ரெண்டே வருஷத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

கம்பெனி அதிகாரி அபிஷேக் முதல் கன்றைக் கையில் ஏந்திக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். குனிந்து பார்த்தால் குழிக்குள் தாவீது சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், கொஞ்சம் நகருங்க. மரம் நடணும்" என்றார் அபிஷேக்.

"நட வுட மாட்டேன்."

"நீங்க ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட்தானே?"

"ஆமா."

எண்பது பேரும் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். மரம் நடுவதைத் தடுக்கிற வனக் காவலரை யார் பார்த்திருக்கிறார்கள்? கூட்டத்திலிருந்து, "சம்பத் சார்கிட்ட வாங்கின காசுக்கு வேலை பண்றான். கடல் மறைஞ்சிடுமில்ல" என்று குரல் வந்தது.

தாவீது எழுந்து நின்றார். குழி தொடைவரை இருந்தது.

"அவரு ஒண்ணும் குடுக்கல. ஆசிட்டும் ஊத்தல. அது பாகக்கா ஜூஸுதான், நான் குடிச்சிகீறேன்ல. மரத்தைக் கொன்னது நான். புயலும் இல்ல. வேருல நோவு வந்து செத்துது, நான் மறைச்சேன். செத்த குழியிலயே கன்னை வெச்சி வெச்சி நோவை வளத்து வுட்டேன். நூத்துக்கு நூறு, நூத்துக்கு நூறுன்னு பதினோரு வருஷம் உங்க எல்லாரையும் ஏமாத்திகினு இருந்தேன். இந்தக் கன்னு இங்க வந்தா அந்தாண்ட நிக்கிறதும் செத்துடும். அப்புறம் உங்க வூட்டுக்கும் கடலுக்கும் நடுவுல நான்தான் நிக்கணும்."

"புயல்னு பதிவேட்டுல இருக்கேய்யா" என்று கிருபாகரன் முனகினார்.

"எழுதுனது நீங்க சார். கையெழுத்துப் போட்டது நான். ரெண்டு பேரும் சேந்துதான் பொய் சொன்னோம்."

சம்பத்தான் முதலில் வந்தார். குழியின் ஓரத்தில் குனிந்து கை கொடுத்து அவரை மேலே தூக்கிவிட்டார். ரெண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ளவில்லை. கன்றுகள் பஸ்ஸிலேயே திரும்பிப் போயின. பேனர் வீணாகக்கூடாது என்று கம்பெனிக்காரர்கள் வெறும் மணலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் கிருபாகரன் புதுப் பதிவேட்டோடு வந்தார். செல்போன் படம் எல்லா இடத்திலும் சுற்றி மேலதிகாரிகளிடம் போக, அவர்கள் அனுவின் அறிக்கையைத் தேடி எடுத்துப் படித்து, எல்லாவற்றையும் திரும்ப எழுதச் சொல்லியிருந்தார்கள். தாவீதின் வேலை நிலைக்குமா என்று இன்னும் தெரியாது என்றார். தன் வேலை நிலைக்குமா என்பதும் அவருக்குத் தெரியாது.

"உயிரோடு இருப்பவை, தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி மூணு. அகற்றியவை எண்பத்தாறு. இறந்தவை அறுபத்தொண்ணு. சரியாய்யா?"

"இறந்தது நூத்தி நாலு சார்."

"இருந்ததே அறுபத்தொரு நம்பர். நூத்தி நாலு எப்படிய்யா சாகும்?"

"மொதல்ல செத்த அறுபத்தொண்ணும் நோவுல செத்துது சார். அத நோவு கணக்குல எழுதிக்கங்க. மீதி நாப்பத்தி மூணும் நல்லா இருந்த கன்னு. நர்சரியில துள்ளிக்கினு இருந்துது. நான் எடுத்தாந்து குழியில வெச்சதால செத்துது. அத இதுகூடச் சேக்காதீங்க, தனியா ஒரு கட்டம் போடுங்க."

அப்படியொரு கட்டம் அரசாங்கப் பதிவேட்டில் கிடையாது. கிருபாகரன் ஸ்கேலை வைத்து ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். நாற்பத்து மூன்று என்று எழுதினார். பேனாவை மேலே கொண்டுபோய் நிறுத்தி, "தலைப்பு என்னன்னு போட?" என்று கேட்டார்.

"தாவீதுன்னு போடுங்க சார்" என்றார்.